சலோனெனைப் பார்த்து நானும் பேட்டன் பிடித்தேன்

10,260 யூரோ. 2023 மார்ச்சில் நம் பணத்தில் ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். அவ்வளவும் செலவழித்து என் கைக்கு வந்தது கேட்கும்படியான 2 நிமிடம் 40 வினாடி இசை. நான் எழுதியிருந்தது 11 நிமிடம். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி, கண்டக்டராகப் பேட்டன் என்ற குச்சியைப் பிடித்து அதைத் தானே நடத்திப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். போவதற்கு முன்னால் யாராவது என்னை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசியிருந்தால் இந்தப் பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி யாரும் அமையவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே வயலினில் டிரினிட்டி எட்டாம் கிரேடு முடித்தேன். 2014-ல் தொலைத்தொடர்பு வேலை ஒன்று கிடைத்து ஃபின்லாந்தின் எஸ்போவுக்கு வந்தேன். நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர். பக்கத்து ஹெல்சிங்கியில் முசீக்கித்தாலோ என்று ஓர் இசை அரங்கம். 2011-ல் திறந்தது, 1,704 இருக்கைகள். மேடையைச் சுற்றி நான்கு பக்கமும் உட்காரலாம். நான் எப்போதும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்பக்கம்தான் டிக்கெட் வாங்குவேன். அங்கிருந்தால் டிம்பனிக்காரரின் முதுகும் கண்டக்டரின் முகமும் தெரியும். வாத்தியக்காரர்கள் பார்க்கிற அதே முகம். அந்த இருக்கையிலிருந்துதான் ஃபின்லாந்துக் கண்டக்டர் எஸ்ஸா-பெக்கா சலோனெனை முதல்முறை பார்த்தேன். கையசைவு சின்னதுதான். ஆனால் கண் எப்போதும் அடுத்து வாசிக்கப்போகிறவரிடம் ஒரு நொடி முன்னதாகவே போய் நின்றது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் பல வருடம் நிறுத்தவில்லை.

1958-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். அங்கே உள்ள இசைக் கல்லூரியான சிபேலியஸ் அகாதெமியில் ஹார்ன் என்ற ஊதுவாத்தியம் வாசிக்கப் படித்தார், எய்னோயுஹானி ரௌதவாராவிடம் கம்போசிஷன் கற்றார். இசையமைப்பாளர்கள் கையா சாரியாஹோ, மக்னுஸ் லிண்ட்பெரி எல்லாம் அவருடைய மாணவப் பருவத்துத் தோழர்கள். 1977-ல் இந்த இளைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் பெயர் கோர்வத் அவ்கி, 'காதுகளைத் திற' என்று சொல்லலாம். புதிய இசையை நடத்த யாராவது வேண்டும் என்பதற்காகத்தான் சலோனென் கண்டக்டிங் பக்கமே வந்தார். தன்னை இசையமைப்பாளராகவே நினைத்துக்கொண்டிருந்தவர். 1983-ல் லண்டனில் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவை நடத்த வேண்டிய மைக்கேல் டில்சன் தாமஸால் வர முடியாமல் போனது. கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடும் மாலரின் மூன்றாம் சிம்பொனி. இவருக்கு வயது 25. அந்த ஒரு இரவுக்குப் பிறகு உலகம் முழுக்க அழைப்புகள். 1992-லிருந்து 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர்.

இந்தக் கதையில் நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு இரவை மட்டும்தான். எழுதுகிறவனுக்கே இசை தெரியும், மேடை ஏறினால் கை தானாக வரும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. என் நஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2019 முதல் 2022 வரை மூன்று வருடம், பெரும்பாலும் இரவில், கணினியில் என் இசையை எழுதினேன். நடுவில் நான்கு நிமிடத்துக்கு 7/8-ல், அதாவது ஏழு எண்ணிக்கைத் தாளத்தில், ஒரு பகுதி. எனக்குள் அது மிஸ்ர சாபு: தகிட தகதிமி. கணினிக்குள் இருக்கும் சாம்பிள் ஒலிகளில் கேட்டால் பிரமாதமாக இருந்தது. பதிவுக்கு பூடாபெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. இளையராஜாவின் 'திருவாசகம்' 2005-ல் வந்தபோது அது பூடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு செய்தது என்று படித்து, வாங்கி, தேயத் தேயக் கேட்டவள் நான். ஊர்ப் பெயரே மனசுக்கு நெருக்கமாக இருந்தது. இணையத்தில் ஓர் ஏற்பாட்டாளரைப் பிடித்தேன். 48 வாத்தியக்காரர்கள், மூன்று மணி நேர செஷன், தலைக்கு 140 யூரோ என்று 6,720. அரங்கமும் ஒலிப்பதிவாளரும் சேர்த்து 1,250. பாதி முன்பணம், திரும்பக் கிடைக்காது. மின்னஞ்சலில் கடைசி வரியாக ஒன்று இருந்தது: எங்கள் கண்டக்டர் வேண்டுமானால் 500 யூரோ. நன்றி, நானே நடத்துகிறேன் என்று ஐந்து நிமிடத்தில் பதில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் செலவான மின்னஞ்சல் அதுதான்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். முதலில் ஒலிச்சோதனைக்கு 12 நிமிடம் போனது. மூன்று மணி நேரத்துக்குள் 20 நிமிட இடைவேளையும் அடக்கம் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஆக என் கையில் இருந்தது இரண்டரை மணி நேரம்கூட இல்லை. இப்போது நான் போடும் கணக்கு இது: புதிய இசை, வாத்தியக்காரர்கள் முதல்முறை பார்ப்பது என்றால், ஒரு மணி நேரத்துக்கு நான்கு நிமிட இசைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதுவும் காகிதம் எல்லாம் ஒழுங்காக இருந்தால்.

என் காகிதம் ஒழுங்காக இல்லை. முதல் பார்களிலேயே (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) கிளாரினெட்டுகள் மற்றவர்களோடு ஒட்டாமல் ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலித்தன. சாதாரணமாக ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் கிளாரினெட் பி-ஃப்ளாட் வாத்தியம். அதில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் பி-ஃப்ளாட்தான் கேட்கும். அதனால் அவர்களுக்கு ஒரு ஸ்வரம் மேலே ஏற்றி எழுத வேண்டும். நொட்டேஷன் மென்பொருளில் வாத்தியத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஏற்றிக்கொடுத்துவிடும். நான் சாம்பிள் கோப்பிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்திருந்தேன், அதில் அந்த மாற்றம் நடக்கவே இல்லை. ஹார்ன்காரர்களுக்கும் இதே பிழைதான். ஆனால் பழைய இசையில் பல சுருதிகளில் எழுதிய ஹார்ன் பார்ட்டுகளை (பார்ட் என்றால் ஒரு வாத்தியத்துக்கு மட்டுமான தாள்) வாசித்துப் பழகியவர்கள் என்பதால் அவர்கள் பார்த்த மாத்திரத்தில் மாற்றி வாசித்துவிட்டார்கள். கிளாரினெட்டில் வேகமான பகுதிகள். பாவம், அவர்கள் இடைவேளையில் காபி குடிக்காமல் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆகவே, பார்ட்டுகளை அனுப்பும் முன் ஒவ்வொரு வாத்தியம் வாசிக்கும் ஒருவரையாவது தேடிப்பிடித்து, அவரவர் பார்ட்டை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு மதிய உணவு வாங்கிக் கொடுத்தால் வருவார்கள்.

இரண்டாவது பிழை இன்னும் மோசம். பார்ட்டுகளை அனுப்பிய பிறகு ஒரு வாரம் கழித்து, எல்லா வாத்தியங்களும் ஒன்றாக இருக்கும் என் ஸ்கோரில் இரண்டு பார் சேர்த்திருந்தேன். பின்னால் அவற்றின் இசையை எடுத்துவிட்டேன், வெறும் பார் மட்டும் என் ஸ்கோரில் மௌனமாக நின்றுவிட்டது. நான் '87-ஆம் பாரிலிருந்து' என்றால் அவர்களுக்கு அது வேறு இடம். இருபத்தைந்து நிமிடம் இதிலேயே கரைந்தது. முதல் வயலின் தலைவர் எழுந்து வந்து என் ஸ்கோரையும் தன் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இப்போது ஸ்கோரிலும் எல்லாப் பார்ட்டுகளிலும் தேதியையும் பதிப்பு எண்ணையும் அச்சடிக்கிறேன். பார்ட் அனுப்பிய பிறகு ஸ்கோரைத் திறப்பதே இல்லை. பார் எண் தவிர ஏ, பி, சி என்று ஒத்திகை எழுத்துகளும் இருக்கட்டும். 'சி-க்கு மூன்று பார் முன்னால்' என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். காகிதமும் முக்கியம். மெல்லிய ஏ-4 தாளில் அடித்திருந்தேன், ஸ்டாண்டில் நிற்காமல் சரிந்தது. கெட்டித் தாள், ஏ-4-ஐவிடக் கொஞ்சம் பெரியது வேண்டும். பக்கம் புரட்டும் இடத்தில் கட்டாயம் ஓர் ஓய்வு இருக்க வேண்டும். இரண்டாம் வயலின்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் புரட்டிய சத்தம் என் பதிவில் இன்றைக்கும் கேட்கிறது.

அப்புறம் மிஸ்ர சாபு. எனக்குள் அது 3+2+2. ஆனால் மென்பொருள் ஸ்வரங்களைக் கூட்டமாகப் பிரித்துக் காட்டும் கட்டைக் கோடுகளைத் தானாகச் சேர்த்தபோது 2+2+3 என்று சேர்த்திருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை, ஏனென்றால் நான் கண்ணால் படிக்கவில்லை, மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். 48 பேரும் காகிதத்தில் உள்ளபடி 2+2+3 வாசிக்கிறார்கள். நான் தகிட தகதிமி என்று கை காட்டுகிறேன். ஒவ்வொரு பாரிலும் என் மூன்றாவது எண்ணிக்கையில் எல்லாம் சிதறுகிறது. வாயால் சொல்லிக் காட்டினேன், தாளம் போட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டார்கள், தலையாட்டினார்கள். ஆனால் கண் பார்க்கிற காகிதத்தை மீறி விரல் போகாது. அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நொடிகூடப் பதிவுக்குத் தேறவில்லை. கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். நமக்கு ரத்தத்தில் இருக்கிற பிரிவை அவர்களுக்குக் கட்டையிலும் புள்ளிக் கோட்டிலும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் காகிதப் பிழை, திருத்திவிடலாம். உண்மையான அடி வேறு. நான் மேடையில் நின்று நடத்திய அந்த இரண்டு மணி நேரச் சொச்சத்தில் எனக்கு அவர்கள் வாசித்தது காதில் விழவே இல்லை. மூன்று வருடமாக மண்டைக்குள் ஓடிய இசைதான் கேட்டுக்கொண்டிருந்தது. கண் ஸ்கோரை விட்டு எழவில்லை. இரண்டு கையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அசைவு. எடுப்புக்கு முந்தைய வீச்சை ஒரு வேகத்தில் கொடுத்து, எடுப்பை வேறு வேகத்தில் போட்டிருக்கிறேன். வீடியோவில் பார்த்தேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நீளமாகப் பேசினேன். 'இந்த இடம் ஒரு பிரிவைப் பற்றியது' என்றெல்லாம். அவர்களுக்குத் தேவைப்பட்டது யார், எந்த இடம், என்ன என்ற மூன்று தகவல்தான். 'இரண்டாம் வயலின், 64, இன்னும் குட்டையாக.' அவ்வளவு போதும். அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டேன், அதற்கு 1,200 யூரோ. அந்த அரை மணியும் பதற்றத்தில் போனது.

மதியம் டான்யூப் கரையோரம் போகும் 2-ஆம் எண் டிராமில் ஏறி உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி, மறுபடி போனேன். அம்மா போன் செய்தாள். "நல்லா நடந்துச்சாடி?" என்றாள். "நடந்துச்சும்மா" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். பிறகு இன்னொரு செலவு வந்தது. எனக்குத் தரப்பட்டது இரண்டு சானல் கலவை மட்டும். ஒவ்வொரு மைக்கின் தனித்தனிப் பதிவு வேண்டுமானால் 450 யூரோ என்றார்கள். கொடுத்தேன். பயணமும் தங்கலும் 640. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: தனித்தனிப் பதிவு சேர்த்தியா, வாத்தியக்காரர்களின் உரிமை முழுவதும் வாங்கப்பட்டதா, இந்தப் பதிவைப் படத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தலாமா, கூடுதல் நேரத்தை 15 நிமிடமாகக் கணக்கிடுவார்களா அரை மணியாகவா. படைப்பை முதலில் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். அதற்கான இசை உரிமைச் சங்கங்கள் ஃபின்லாந்தில் தியோஸ்தோ, இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ்.

ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் நான் எந்த இசையும் கேட்கவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கான கண்டக்டிங் பயிற்சி, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வாத்தியக் குழு. ஆசிரியர் யோர்மா பனுலாவின் வழியைப் பின்பற்றுகிறவர். பனுலாதான் 1973-லிருந்து 1993 வரை சிபேலியஸ் அகாதெமியில் கண்டக்டிங் சொல்லிக்கொடுத்தவர். சலோனென், யுக்கா-பெக்கா சரஸ்தே, சகரி ஓரமோ எல்லாம் அவருடைய மாணவர்கள். அவர் முறையில் மாணவனை உண்மையான வாத்தியக்காரர்கள் முன்னால் நிறுத்தி, வீடியோ எடுத்து, பிறகு அதை மாணவனையே உட்கார்ந்து பார்க்க வைப்பார்கள். அந்த வீடியோவைப் பார்ப்பது உடம்பு கூசுகிற அனுபவம். ஆனால் நான் என் முகத்தைப் பார்த்தது அங்கேதான். கண் யாரிடமும் போகவில்லை. பின்பக்க இருக்கையிலிருந்து அத்தனை வருடம் சலோனெனின் கண்ணைப் பார்த்தவள் நான்!

அப்போதுதான் அவர் வாழ்க்கையை வேறு மாதிரி படித்தேன். 1983-ன் அந்த இரவுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தேன். ஹார்ன் வாசிப்பவராக ஆர்கெஸ்ட்ராவுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்ட வருடங்கள். பனுலாவின் வகுப்பு. லிண்ட்பெரியோடு சேர்ந்து ஆரம்பித்த தொய்மி என்ற சின்னக் குழுவில் நண்பர்களோடு போட்டுப் பார்த்த சோதனைகள். அந்த இரவுக்குப் பிறகு என்ன விலை கொடுத்தார் என்பதும் இருக்கிறது. கண்டக்டராகப் பெயர் வாங்கிய வருடங்களில் அவரால் அதிகம் எழுத முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய 'எல்.ஏ. வேரியேஷன்ஸ்' 1997-ல் அரங்கேறியபோது அவர் அங்கே போய் நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2000-ல் எழுதுவதற்காகவே விடுப்பு எடுத்தார். 2009-ல் எழுத நேரம் வேண்டும் என்று அந்தப் பதவியையே விட்டார். விடைபெறும் நாட்களில் லெய்லா ஜோசஃபோவிட்ஸ் வாசிக்க அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோவுக்குத்தான் 2012-ல் இசையமைப்புக்கான கிராவ்மேயர் விருது, ஒரு லட்சம் டாலர். இவ்வளவு பெரிய கலைஞருக்கே இரண்டு வேலையும் ஒன்றின் நேரத்தை ஒன்று தின்றிருக்கிறது. அலுவலகம் விட்டு வந்து இரவில் எழுதுகிற நான் எந்த நேரத்தில் இரண்டாவது வேலையைக் கற்றேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆலிவர் நஸ்ஸனின் கதையும் அப்போதுதான் எனக்கு ஆறுதலாக வந்தது. 1968-ல், 15 வயதில், தன் முதல் சிம்பொனியை லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு தானே நடத்திய பிள்ளை. அவர் அப்பா அதே ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் பிரிவின் தலைவர். அந்த வீட்டில் பிறந்து, அந்த ஒத்திகைகளில் வளர்ந்த குழந்தைக்குக்கூட மூன்றாம் சிம்பொனி, வெறும் பதினைந்து நிமிட இசை, 1973-ல் ஆரம்பித்து 1979-ல்தான் முடிந்தது. அதன் அரங்கேற்றத்தை அவர் நடத்தவில்லை. நடத்தியவர் மைக்கேல் டில்சன் தாமஸ். நான்கு வருடம் கழித்து எவர் வராமல் போனதால் சலோனெனுக்கு அந்த இரவு கிடைத்ததோ, அவரேதான். 2020-ல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியில் அவருடைய இடத்துக்கு வந்ததும் சலோனென்தான். தன் இசையை இன்னொருவர் கையில் கொடுப்பது தோல்வி என்று நினைத்தேனே, அந்த நினைப்பு அன்றைக்குக் கொஞ்சம் இளகியது.

2024 நவம்பரில் மறுபடி போனேன். இந்த முறை 26 பேர். அதே இசையைச் சின்னக் குழுவுக்கு மாற்றி எழுதியிருந்தேன். போகும் முன் எங்கள் ஊர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசித்துக் கொடுத்தார்கள், பார்ட்டுகளில் 31 பிழை கிடைத்தது. அந்த ஞாயிறுக்கு ஆன செலவு ஒரு பெரிய பாத்திரம் பிரியாணி. வாத்தியக்காரர்களுக்கு 3,640, அரங்கம் 1,250, கண்டக்டருக்கு 500, போக்குவரத்து 520. மொத்தம் 5,910 யூரோ. தனித்தனிப் பதிவு சேர்த்தி என்று முதலிலேயே எழுதி வாங்கினேன். கண்டக்டரோடு முந்தின வாரம் வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் பேசி, 3+2+2 கட்டைகளைக் காட்டினேன். அவர் ஸ்கோரின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு முக்கோணமும் இரண்டு கோடும் போட்டுக்கொண்டார். மூன்று, இரண்டு, இரண்டு. முதல் வாசிப்பிலேயே மிஸ்ர சாபு நின்றது. பதினோரு நிமிடமும் இரண்டே கால் மணி நேரத்தில் பதிவாகிவிட்டது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் பக்கத்தில் ஸ்கோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் பேட்டன் இல்லை, பென்சில்தான். 112-ஆம் பாரில் ஏதோ உறுத்தியது. பொத்தானை அமுக்கி, மரக்காற்று வாத்தியங்கள் மட்டும் ஒருமுறை வாசிக்க முடியுமா என்று கேட்டேன். ஓபோ சரி, பசூன் சரி. ஓபோ குடும்பத்து வாத்தியமான கோர் ஆங்கிலேயில் ஒரு ஷார்ப் (ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றும் குறி) விட்டுப்போயிருந்தது. மூன்று வருடம் எழுதியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பிரியாணி ஞாயிறில் கோர் ஆங்கிலே வாசிக்க ஆள் இல்லாததால் தப்பியிருக்கிறது. முதல்முறை வந்தபோது என் எதிரிலேயே அந்த ஸ்வரத்தை நான்கு முறை வாசித்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. அந்தப் பெண்மணி பென்சிலை எடுத்து ஸ்வரத்துக்கு முன்னால் ஷார்ப் போட்டுக்கொண்டார். கண்டக்டர் கையைத் தூக்கினார். மறுபடி 108-லிருந்து வாசித்தார்கள்.